பின்னால் நீளும் கை

என் வீட்டுக்காரர் கருங்கல் சுவர் கட்டும் கொத்தனார். அவருக்குச் சித்தாள் நான்தான். சுவர் எழும்பும்போது அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்; இடது கையை மட்டும் பின்னால் நீட்டுவார். இடைவெளிக்குத் தோதான கல்லை நான் பார்த்து எடுத்து வைக்க வேண்டும். பொருந்தினால் ஒரு வார்த்தை வராது. பொருந்தாவிட்டால் தெருவுக்கே கேட்கும்.

இன்று வேலை முடிந்து வந்ததும் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் டீ போட்டு இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாடா என்று சாய்ந்தேன். உடனே அந்தக் கை பின்னால் நீண்டது.

"டீ வேணும்னா வாயத் தொறந்து கேட்டா என்ன?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

அவர் அதைப் புரட்டினார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது பெருசு. சின்னதா ஒண்ணு குடு."

எட்டிப் பார்த்தேன். தூக்கத்தில் கண் சொருகியிருந்தது. கல்லை வாங்கிக்கொண்டு டீ டம்ளரை வைத்தேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரைச் சுவரோடு ஒட்டி வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி கையை நீட்டினார்.