எடை குறைத்தவள்

மைதானத்தைச் சுற்றி வீடுகள் வந்த பிறகு, ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானங்களில் பெட்ரோல் எஞ்சின் வைத்தவற்றை அங்கே பறக்கவிடக் கூடாது என்று மாடல் விமானக் கிளப்பில் முடிவாகிவிட்டது. சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பவர்கள் புகார் மேல் புகார். பேட்டரியில் ஓடுவதென்றால் பரவாயில்லை. இதில் அதிகமாக அடிபட்டவன் கேப்டன்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அவனுக்கு அது கிளப்பில் வைத்த பட்டப்பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் பெட்ரோலில் ஓடும் அவனுடைய மஞ்சள் விமானம். இறக்கை மேல் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தால் மற்றவர்கள் வழிவிடுவார்கள்.

இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பார்க்கப் பொறுக்காமல் அவன் மனைவி, "மோட்டார் வாங்கிட்டு வாங்க, நான் மாத்தித் தரேன்" என்றாள். அவள் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். மெழுகையும் பீங்கானையும் துளித் துளியாகச் சுரண்டிப் பழகிய கை. அவன் சிரித்தான். இது பல் இல்லை, பறக்க வேண்டும் என்றான். ஆனாலும் வாங்கி வந்தான்.

எஞ்சினையும் பெட்ரோல் டாங்கையும் கழற்றியதில் கிடைத்த லாபத்தை பேட்டரிகள் விழுங்கி ஏப்பம் விட்டன. எல்லாவற்றையும் பொருத்தித் தராசில் வைத்தால் முன்பைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல். இப்படியே விட்டால் மேலே போகும், வேகம் கொஞ்சம் குறைந்ததும் கல் மாதிரி இறங்கும் என்று கிளப் செயலாளர் கையை விரித்துவிட்டார்.

அவள் விடவில்லை. மூக்குப் பகுதியில் தடித்த பிளைவுட்டில் ஒரு பெட்டி இருந்தது, எஞ்சினின் உதறலைத் தாங்குவதற்காக வைத்தது. மோட்டார்தான் உதறாதே, பிறகு எதற்கு இது என்று அறுத்தெடுத்துவிட்டு, மெல்லிய பலகையில் புதிதாகச் செய்தாள். ரப்பர் சக்கரம் போய் ஸ்பாஞ்சு சக்கரம் வந்தது. பூச்சுமேல் பூச்சாக ஏறிக் கிடந்த பழைய பெயின்டைத் துணியோடு உரித்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினாள். வாலில்தான் ரொம்ப மெனக்கெட்டாள். அது நீண்டு பின்னால் போவதால், அங்கே ஒரு பங்கு எடை கூடினால் சமன் செய்ய மூக்கில் மூன்று பங்கு வைக்க வேண்டும். அதனால் வேண்டாத கட்டையை எல்லாம் பொறுமையாகக் குடைந்து எடுத்தாள்.

முதலில் கதவில் சாய்ந்து நின்று கிண்டல் செய்தவன், மெல்ல உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தான். அவள் தேய்க்க, அவன் இறக்கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. பெட்ரோல் காலத்து எடையைவிடவும் குறைந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் இறக்கைக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். மூக்கும் சாயவில்லை, வாலும் சாயவில்லை. "பரவால்லியே" என்றான். அவன் வாயில் அதுவே பெரிய வார்த்தை.

பிறகு அவளுடைய தங்கைக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் துணைக்கு இருந்துவிட்டு, பறக்கவிடும் நாளுக்கு முந்தைய மாலைதான் திரும்பினாள். விமானம் அதற்குள் வேனில் ஏறியிருந்தது. மைதானத்தில் இறக்கும்போது பிடிக்கப் போனவளை, "நீ களைச்சுப் போயிருக்க, கை வைக்காத. நான் பாத்துக்கறேன்" என்று தடுத்தான். அந்த அக்கறை அவளுக்கு இனித்தது.

தரையை விட்டதுமே விமானம் மூக்கைத் தூக்கியது. ரிமோட்டில் அவன் எவ்வளவு இறக்கப் பார்த்தும் கேட்கவில்லை. செங்குத்தாக ஒரு நொடி நின்றது, ஒருக்களித்துப் புரண்டு வேலியோரம் போய்க் குத்தியது.

எல்லாரும் ஓடினார்கள். அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னான்: "நான் அப்பவே சொன்னேன், இவதான் கேக்கல. எலும்பைக்கூட விடாம இளைக்க வெச்சுட்டா."

யாரோ சிரித்தார்கள். செயலாளர் அவளருகே வந்து, முதல் தடவைக்கு இதுவே பெரிசு என்று ஆறுதல் சொன்னார். அவளோ, எந்த இடத்தில் அளவுக்கு மீறிக் குடைந்துவிட்டோம் என்று வீடு வரும்வரை மனசுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

மறுநாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, உடைந்ததை எல்லாம் தரையில் பரப்பினாள். காற்றில் ஒடிந்தது என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் கீழே மோதி நொறுங்கியவை. வால் மட்டும் முழுசாக இருந்தது. கையில் எடுத்தபோதே கனம் சரியில்லை. தாளைக் கிழித்தாள். அவள் குடைந்த இடமெல்லாம் தடித்த பிளைவுட் துண்டுகள், வழிய வழியப் பசை.

சாயங்காலம் அதை அவன் முன்னால் வைத்தாள். அவன் மறைக்கவில்லை. பொண்டாட்டி விமானத்துக்குப் பத்தியம் போட்டுவிட்டாள், வால் கழன்று விழப் போகிறது என்று கிளப்பில் ஓட்டினார்களாம். பயம் வந்துவிட்டதாம். பலத்துக்கு நாலு துண்டு ஒட்டினால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தானாம். சமன் பார்க்கத் தோன்றவே இல்லையாம்.

"சரி, பயந்துட்டீங்க. விழுந்ததும் எதுக்கு என்னைச் சொன்னீங்க?"

"அத்தன பேர் முன்னாடி வேற என்ன சொல்றது?"

"அடுத்த வாரம் போறப்ப உள்ளதைச் சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

சொல்கிறேன் என்றான். போய்வந்ததும் கேட்டாள். பேச்சு அந்தப் பக்கமே வரவில்லையாம். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாதக் கடைசியில், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பறக்கவிடும் ரெடிமேட் விமானம் ஒன்றை வாங்கி வந்தான்.

ஒருநாள் மருந்துக்கடையில் செயலாளரைப் பார்த்தாள். இப்போதெல்லாம் மைதானத்துப் பக்கம் காணோமே, அதையே நினைத்துக் குமையக் கூடாது என்றார் அவர். அவள் அங்கேயே சொன்னாள்: "எடை குறைச்சதுல தப்பில்ல சார். நான் ஊர்ல இல்லாதப்ப அவர் வால்ல பிளைவுட் ஒட்டியிருக்கார். பின்பக்கம் கனத்துப் போச்சு. துண்டு வீட்லதான் இருக்கு, வேணும்னா வந்து பாருங்க."

அவர் கனிவாகப் பார்த்தார். "கேப்டன் சொன்னாரும்மா. நீங்க மனசு ஆறாம, அவர் ஏதோ ஒட்டினதாச் சொல்லிக்கிட்டு இருக்கீங்கன்னு. விடுங்க. அவரே உங்க மேல கோவப்படல."

அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அவன் கேட்டான். கடையில் கூட்டம் என்றாள்.

அதன் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தானாக எதையும் சொல்வதை விட்டுவிட்டாள். தங்கை குழந்தை குப்புற விழுந்ததை, தனக்குப் பல்வலி வந்து இரண்டு நாள் தூங்காததை, எதையும். லேபில் அவளை மேற்பார்வையாளர் ஆக்கியிருந்தார்கள். லேபுக்குப் பல் அளவு கொண்டுவந்த யாரோ ஒருவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தான் அது அவனுக்குத் தெரிந்தது. இதைக்கூடச் சொல்லக் கூடாதா என்று சாப்பிடும்போது கோபித்துக்கொண்டான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.