காட்டேரிக்குப் பின்னால் நின்றவர்

பேராக் வாழ் தமிழ் மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மலேசியத் திரைக்கலையின் வரலாறு, வரும் ஞாயிறு பிற்பகல், முன்னாள் ரப்பர்த் தோட்டமொன்றின் மண்டபத்தில் இரண்டாகப் பிளக்கவிருக்கிறது.

அறிவித்தவர் ஈப்போ பழந்திரைக் கழகத் தலைவர் குமரப்பன். அதைப் பிளக்கவிருந்தது 'ரப்பர்காட்டு ரத்தக்காட்டேரி'. எண்பதுகளில் கல்யாண வீடியோ கேமராவை இரவல் வாங்கி, சின்னையா அதே தோட்டத்தில் எடுத்த படம். இருட்டிக் கிடந்த காட்சிகளைக் கழகம் கணினியில் போட்டு வெளிச்சமாக்கியிருந்தது. இப்போது ஈப்போவில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் சின்னையாவுக்கு ஒரே ஆசைதான்: தன் பேயைப் பார்த்து யாராவது பயப்பட வேண்டும். இதுவரை பார்த்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

ஞாயிறன்றும் சிரித்தார்கள். வௌவாலைத் தூக்கிய தூண்டில் நரம்பு தெரிந்தது. ரத்தமாக ஊற்றிய ரோஸ் சிராப் சர்பத்தில் எறும்பு மொய்த்தது.

"மச்சான், பேய் சிலிப்பர் போட்டிருக்குலா!" என்றான் முன்வரிசையில் இருந்த இளைஞன் ஷர்வின்.

"விடுடா, காட்டுல அட்டை கடிக்கும்ல," என்றான் பக்கத்தில் இருந்த அவன் கூட்டாளி பவித்ரன்.

"இது வறுமையின் அழகியல்," என்றார் குமரப்பன். சின்னையா தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. திரையில் காட்டேரி மரங்களுக்கிடையே நடந்தது. பின்னால், தூரத்து மரத்தடியில், ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்த காட்சியில் அது கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. சிரிப்பு நின்றது. அதற்கடுத்த காட்சியில் முண்டாசு, மீசை, வாயில் புகையும் சுருட்டு. கண் இருந்த இடம் மட்டும் இருட்டு. அது அசையவில்லை.

"யாருண்ணே அது?" என்று சின்னையாவைக் கேட்டான் ஷர்வின்.

சின்னையா திரையருகே போய் உற்றுப் பார்த்தார். "நான் யாரையும் அங்க நிக்க வைக்கலடா."

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த செல்லாயி எழுந்தார். "முனியாண்டி கல்லு அங்கதான இருந்துச்சு? சுருட்டு வச்சு உத்தரவு கேட்டுட்டா படம் எடுத்தீங்க?"

இல்லை என்று சின்னையா தலையாட்டினார்.

மண்டபமே செருப்பைக் கழற்றியது. செல்லாயி திரைக்கு முன் சூடம் ஏற்றினார். பேய்ப்படங்கள் மூடநம்பிக்கையிலிருந்து விடுதலை தருபவை என்று தொடக்க உரையில் முழங்கியிருந்த குமரப்பன் தரையில் விழுந்து கும்பிட்டார்.

"ஐயா, நான் சும்மா தலைவர்தான். படம் அவரு எடுத்தது."

உருவம் இப்போது காட்டேரிக்கு எட்டும் தூரத்தில் நின்றது. யாரோ வீறிட, மண்டபம் முழுக்க அலறியது. இத்தனை வருடம் சின்னையா ஏங்கிக் கிடந்த அலறல். அது வந்த நேரத்தில் அவரும் சேர்ந்து அலறிக்கொண்டிருந்தார்.

காட்டேரியாக நடித்த நவமணி மட்டும் கடைசி வரிசையில் கச்சாங் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்கண்ணே," என்றார் சின்னையாவிடம். "அது எங்க வீட்டுக்காரரு. நான் யாரோட நடிக்கிறேன்னு பாக்க வந்தாரு."