ஐயருக்கு மட்டும் குளிர்ந்த வெந்நீர்

சித்தூர் சபைப் போதகர் தேவானந்தம் ஐயர் குளிக்கிற வெந்நீர், 1968 டிசம்பரிலிருந்து, அவர் தோலைத் தொட்டதுமே பச்சைத் தண்ணீராகிவிட்டது. தவலையில் கொதிக்கும், சொம்பில் ஆவி பறக்கும், தோளில் விழுந்தால் ஐஸ். அந்த வருஷம் வேர்க்கடலை நல்ல விளைச்சல், அடுப்புக்குக் கடலைத்தோல் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. ஆகவே நெருப்பைக் குறை சொல்ல வழியில்லை.

அதற்கு முன்பு, சபை கொடுத்த குருமனை வீட்டில் ஐயருக்கும் மகள் யூனிஸுக்கும் மிகவும் பிடித்த இடம் அந்த வெந்நீர் அடுப்படிதான். மனைவி கிருபாபாய் காலமான பிறகு, பனிக்காலம் வந்தால் இருவரும் விடியலிலேயே கொல்லைப்புறம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை யோசிப்பார். அவள் அடுப்பில் கடலைத்தோலைத் தள்ளிக்கொண்டே, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப்போகிற கீத பவனியில் யார் யாருக்குத் தொண்டை கட்டியது என்று கேலி பேசுவாள். அப்படி ஒரு காலையில்தான், சாப்பாட்டு ஜெபத்தில் கண்ணை மூடினால் தான் ஆண்டவரிடம் பேசுவதில்லை, அம்மாவிடம்தான் பேசுவதாகச் சொன்னாள். குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டால்கூட அம்மா பதில் சொல்கிறாளாம். வேறு யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. ஐயர் கண் கலங்கி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, இறந்தவர்களிடம் பேசுகிற அஞ்ஞானத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாயில்லாத பெண் ஒருத்தி என்று ஆரம்பித்தார். பெயரைச் சொல்லவில்லை, குழம்பு உப்பைச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் அத்தனை தலைகளும் யூனிஸைத் திரும்பிப் பார்த்தன. உதாரணம் பிரமாதம் என்று மூப்பர் அசரியா வாசலில் கைகுலுக்கினார். பெற்ற பிள்ளையை ஊருக்குப் பங்கு வைத்துவிட்டு வந்த மனுஷருக்கு அன்று நல்ல பசி. யூனிஸ் ஜெபத்தில் கண்ணை மூடினாள். அம்மா வரவில்லை. குழம்பு கரித்தது.

மறுநாள் காலையில்தான் வெந்நீர் குளிர்ந்தது. மகள் கோபத்தில் பச்சைத் தண்ணீரைக் கலக்கிறாள் என்று ஐயர் சந்தேகப்பட்டார். யூனிஸ் ஒரு சொம்பைத் தன் புறங்கையிலேயே ஊற்றிக் காட்டினாள், கொப்புளமே வந்துவிட்டது. எலும்பில் குளிர் ஏறியிருக்கும் என்று அசரியா அவரை எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட வைத்தார். கட்டு நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் ஐயர் அதையும் விடவில்லை. நீதிமான்களுக்கு வரும் சோதனை என்று தலைப்பிட்டு, மகளின் கொப்புளத்தோடு சேர்த்து, புது வருஷ ஆராதனையில் பிரசங்கித்தார். சபையார் அழுதார்கள். யூனிஸ் அதற்குப் பிறகு அடுப்படியில் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போனாள், வந்த வரன்களை வேண்டாமென்றாள், பனிக்காலம் தவறாமல் தவலையை ஏற்றினாள். என்ன இருந்தாலும் அப்பா.

ஓய்வு பெற்றபின் இருவரும் திருப்பதிக்குக் குடிபோனார்கள். சித்தூரில் கொதித்துக் குளிர்ந்த தண்ணீர் அங்கேயும் அப்படியே குளிர்ந்தது. அக்கம்பக்கத்தாருக்கும் பழகிவிட்டது. 1984 மார்கழியில் ஒரு காலை, பிரசங்க பீடம் இல்லாத ஐயர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

"அம்மா இப்ப இன்னா சொல்றா, கண்ணு?" என்று கேட்டார்.

யூனிஸ் அடுப்பில் கடலைத்தோலைத் தள்ளினாள்.

"அன்னிக்கு நீங்க பிரசங்கம் பண்ணப்ப அவுங்களும் கோயில்லதான் கேட்டுக்கினு இருந்தாங்க, நைனா. அதுக்கப்பறம் என்கிட்ட வரல."

தவலை தளதளவென்று கொதித்தது. அவளே மொண்டு கொடுத்தாள். அவர் தலையில் ஊற்றிக்கொண்டார், குளிர்ந்தது, அடுத்த சொம்புக்குக் கையை நீட்டினார்.