காந்தம் நின்ற உயரம்

பள்ளி இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமணி மேசைமேல் இருந்த மூன்று பொட்டலங்களையும் பிரித்துப் பார்த்தார். ஒன்றில் உப்பு. ஒன்றில் பட்டறையில் அரம் போட்டபோது உதிர்ந்த இரும்புத்தூள். ஒன்றில் குழித்துறை ஆற்றில் அள்ளிக் கழுவிக் காயவைத்த மணல். மணல் பொட்டலத்தை மடித்து ராஜபாயிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இது வேண்டாம் டீச்சர். நீங்க செய்து பாத்துப் பழகின மணலு. முற்றத்தில கெடக்குல்லா, அதுல ஒரு பிடி போதும்.”

அவரே இறங்கிப் போய் அள்ளி வந்தார்.

ராஜபாய் மார்த்தாண்டத்துக்காரி. திருவனந்தபுரத்தில் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவள். திங்கள்சந்தையின் அந்தப் பெண்கள் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பள்ளியில் சோதனைக்கூடம் கிடையாது. வீட்டு அடுப்பு, பீங்கான் கிண்ணம், கண்ணாடிப் புனல், மருந்துக்கடையில் இரவல் வாங்கிய தராசு எல்லாவற்றையும் ஒரு ஓலைக் கடவத்தில் வைத்து வகுப்புக்கு வகுப்பு தூக்கிப் போய் ரசாயனம் நடத்தினாள். இனி அப்படி நடத்த முடியாது. தனி அறைக்கு உத்தரவு கிடைத்தால் ரசாயனம் இருக்கும். இல்லையென்றால் அடுத்த ஜூனில் அந்த மணி நேரம் தையலுக்குப் போய்விடும். உத்தரவு தருகிறவர் கிருஷ்ணமணி. அவருடைய அபிப்பிராயத்தை வந்ததும் சொல்லிவிட்டார்: பெண்பிள்ளைகளுக்குத் தையல் போதும்.

ஆனாலும் பார்க்காமல் போகமாட்டேன் என்றார். நியாயமான மனிதர் என்று பெயர்.

“செய்யுறது பிள்ளையளா இருக்கணும். நீங்க அந்தச் சுவரோட நில்லுங்கோ. வாய் தொறக்கப்பிடாது.”

முதல் பெஞ்சில் நூர்ஜஹான் எழுந்து நிற்கத் தயாராக இருந்தாள். வகுப்பில் அவள்தான் முதல். இன்ஸ்பெக்டரின் விரல் அவளைத் தாண்டிக் கடைசி பெஞ்சுக்குப் போனது.

“நீ வா பிள்ளே. சிரிக்கியே, நீதான். பேரு என்ன?”

“சகாயசெல்வி, சார்.”

“எந்த ஊரு?”

“கடியப்பட்டணம்.”

ராஜபாய் சுவரில் சாய்ந்தாள். சகாயசெல்வி புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு படிப்பது போல் நடிக்கிறவள்.

இன்ஸ்பெக்டர் இரும்புத்தூளைத் தராசில் போட்டு, எதிர்த்தட்டில் ஒரு படிக்கல்லை வைத்துச் சமன் செய்தார். படிக்கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மணல், உப்பு, இரும்பு மூன்றையும் தட்டில் கொட்டிக் குலுக்கினார்.

“மூணையும் தனித்தனியா தரணும். இரும்பு இந்தக் கல்லுக்குச் சரியா நிக்கணும்.”

சகாயசெல்வி குதிரைலாடக் காந்தத்தைத் தாளில் சுற்றிக் கலவைக்குள் விட்டாள். வெளியே எடுத்தபோது தாடிபோல் தொங்கியது. வேறொரு தாளின்மேல் காந்தத்தை உருவினாள். தாடி விழுந்தது. மறுபடி விட்டாள். மறுபடி தாடி. குவியல் ஏறிக்கொண்டே போனது.

“போதும், நிறுத்து” என்றார் இன்ஸ்பெக்டர். குவியலைத் தராசில் கொட்டி எதிரே படிக்கல்லை வைத்தார். குவியல் இருந்த தட்டு மேசையில் போய் முட்டியது.

“நான் போட்டதவிடக் கூடுதல் வந்திருக்கே. உங்க பள்ளிக்கூடத்தில இரும்பு குட்டி போடுமோ?”

பிள்ளைகள் சிரித்தார்கள். கூட நின்ற தலைமையாசிரியை, பெரிய டீச்சர் ஞானம், சிரிக்கவில்லை. “சார், அந்த ஆத்து மணல வச்சு இன்னொரு தடவை பாத்தா...” என்று தொடங்கினார்.

“அடுத்த வருஷம் வாறேன், அப்பம் பாப்பம்.”

மணல் காந்தத்தில் ஒட்டாது என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. ராஜபாய் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது குவியலைப் பார்த்தாள். பாதி கறுப்பாக, வேறு மினுக்கத்தோடு இருந்தது. முற்றத்தில் விரிக்கக் கடற்கரையிலிருந்து வண்டியில் வந்த மணல். அதில் உள்ள கறுப்பு காந்தத்துக்கு வருகிறது. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் இரும்பையும் கறுப்பையும் காந்தம் ஒன்றாகத் தூக்கினால் பிறகு எதை வைத்துப் பிரிப்பது? இரண்டும் தண்ணீரில் கரையாது. இரண்டும் மிதக்காது. வாய் திறக்க உத்தரவு இருந்தாலும் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

“சார், தராசத் தாருங்கோ” என்றாள் சகாயசெல்வி.

“முடிஞ்சுது மக்கா. போய் இரி.”

“முடியல சார். மூணுண்ணு சொன்னிய. நாலு கெடக்கு.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “நாலாமத்தது என்னது?”

“கறுப்பு மண்ணு. எங்க கடப்புறத்தில கம்பெனிக்காரன் கப்பல்ல ஏத்துவான்லா, அது. நான் போடல. நீங்கதான் அள்ளிப் போட்டிய.”

“ஏட்டி!” என்றார் பெரிய டீச்சர்.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தராசுத் தட்டைச் சகாயசெல்வியின் பக்கம் தள்ளினார்.

அவள் குவியலைத் தாளில் கொட்டி மெல்லியதாகப் பரப்பினாள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். எல்லாம் ஏறியது. தட்டிவிட்டாள். மறுபடி பரப்பினாள். இந்த முறை காந்தத்தை உயரத்தில் பிடித்து, ஒன்றும் அசையாத இடத்திலிருந்து மெதுவாக இறக்கினாள். ஓர் இடத்தில் தாளின்மேல் இருந்த இரும்புத்தூள் முடிபோல் நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். இரும்பு துள்ளி ஏறியது. கறுப்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அங்கேயே கையை நிறுத்தினாள். இடது கையால் தாளை நகர்த்தினாள்.

மீன் வெட்டும்போது கூட நிற்காத வாய் என்று அவளைப் பற்றி அவள் அம்மா ஒருமுறை வந்து சொல்லியிருந்தாள். அந்த வாய் இறுக மூடியிருந்தது.

உருவி எடுத்த இரும்பை மறுபடி பரப்பி மறுபடி தூக்கினாள். பிறகு தராசில் போட்டாள். இன்ஸ்பெக்டர் படிக்கல்லை வைத்தார். முள் ஆடியது. நின்றது. நடுவில் நின்றது.

அவர் குனிந்து நேராகப் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார்.

“ஆரு சொல்லித் தந்தா?”

“ஆரும் சொல்லல சார். கிட்ட கொண்டுபோனா கறுப்பும் ஏறுது. எட்ட நிறுத்தினா இரும்பு மட்டும் வருது. இரும்புக்குத்தான் ஆசை கூடுதல்.”

“டீச்சர் சொல்லித் தரலையா?”

“டீச்சருக்கும் தெரியாது. மொகத்தப் பாருங்கோ.”

வகுப்பு முழுவதும் திரும்பி ராஜபாயின் முகத்தைப் பார்த்தது. இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

“நிஜமா டீச்சர்?”

தெரியும் என்று சொல்லலாம். இந்த நேரத்தில் அது உதவவும் செய்யும். பெரிய டீச்சரின் கண்கள் அதைத்தான் சொல்லின.

“தெரியாது சார்” என்றாள் ராஜபாய். குரல் தாழவில்லை. “நான் படிச்ச காலேஜில ஆத்து மணல்தான் தந்தாங்க. இத நான் இப்பம்தான் பாக்கேன். என் பிள்ளையிட்டயிருந்து.”

இன்ஸ்பெக்டர் பையைக் கீழே வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். “உப்பு பாக்கி இருக்கு.”

சகாயசெல்வி மிச்சத்தைத் தண்ணீரில் கலக்கினாள். புனலில் தாளை மடித்து வைத்து வடித்தாள். மணல் தாளில் தங்கியது. நூர்ஜஹான் கேட்காமலே எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கிண்ணத்தில் தண்ணீர் சுண்ட நேரமானது. குளச்சல் பஸ் ஊதிக்கொண்டு போனது. அதில் போக வேண்டிய இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து, பிறகு பொரிந்தது. ஆறியதும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்புதான்.”

“பின்ன சீனியா இருக்கும்?” என்று கடைசி பெஞ்சில் யாரோ சொன்னார்கள். இந்தமுறை இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

எழுந்து பெரிய டீச்சரிடம் கேட்டார்: “எந்த ரூம்பு காலியா கெடக்கு?”

“கெணத்துப் பக்கத்தில ஒண்ணு இருக்கு சார். ஒடஞ்ச பெஞ்சு போட்டிருக்கோம்.”

“கெணத்துப் பக்கமா இருந்தா நல்லது. தண்ணி வேணும்லா. தெக்குச் சுவர்ல ஒரு சன்னல் வையுங்கோ, புகை போகட்டு. உத்தரவு நான் அனுப்புதேன்.” வாசலில் நின்று திரும்பினார். “தையலும் இருக்கட்டும், கேட்டியளா.”

“இருக்கட்டும் சார்” என்றார் பெரிய டீச்சர்.

அவர்கள் இருவரும் வராந்தாவில் நடந்து போனார்கள். சகாயசெல்வி கறுப்பு மண்ணைத் தனியாக ஒரு தாளில் மடித்து மற்ற மூன்றின் பக்கத்தில் வைத்தாள். மேசையில் நான்கு பொட்டலம். ராஜபாய் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் தலையில் கையை வைத்து ஒருமுறை அழுத்தினாள்.

“எல்லாரும் எழும்புங்க” என்றாள் வகுப்பைப் பார்த்து. “அந்த ஒடஞ்ச பெஞ்ச வெளிய எடுக்கணும்.”

“இப்பமேயா டீச்சர்? உத்தரவு வரண்டாமா?”

“வரும்போ ரூம்பு காலியா இருக்கட்டும்.”

பிள்ளைகள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடினார்கள்.