இரண்டு தரம் திரும்பிய கேமரா

பாராடாங் ஜெட்டியில், வண்டிகளை ஏற்றிப்போகும் படகுக்காக ஜீப்பில் காத்திருந்தபோது போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. கூடவே ஒரு மெயில். அனுப்பியது என் வீட்டுக் கம்ப்யூட்டர். 11.40-க்கு யாரோ நிர்வாகப் பக்கத்தில் நுழைந்திருப்பதாகச் சொன்னது. நான் நுழையவில்லை. பாஸ்வேர்ட் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டை அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. மூன்றாம் தரமும் தவறு. உள்ளே போனவன் அதை மாற்றிவிட்டான். லம்பா லைன் வீட்டில் என் மனைவி ஷோபனா தனியாக இருந்தாள். எட்டாம் மாதம்.

டாக்டர் அவளைப் படுத்தே இருக்கச் சொன்னதும் ஹாலில் ஒரு கேமரா மாட்டி, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு இணைத்தேன். சைட் வேலைக்கு வந்தால் இந்தப் பக்கம் போன் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். சிக்னல் கிடைத்தால் போனிலிருந்தே கேமராவை இடம் வலமாக இரண்டு தரம் திருப்புவேன். 'நான்தான், கேட்டுட்டிருக்கேன்' என்று அர்த்தம். அவள் அதைப் பார்த்துப் பேசுவாள்.

ஐந்து தரம் தப்பாக அடித்தால் ஒரு மணி நேரம் கதவடைக்கும் பூட்டு அதில் இருந்தது. தீவு நெட் விட்டுவிட்டு வந்ததில், பாதியில் அறுந்ததையும் தப்பாக எண்ணி அது என்னையே நாலு தரம் வெளியே தள்ளியது. எரிச்சலில் பூட்டை எடுத்துவிட்டேன். எங்கிருந்தும் நுழையலாம் என்றும் வைத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தேவேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "சார், வி.பி.என்.னு ரகசிய வழி இருக்கு, அது வழியா மட்டும் வர்ற மாதிரி வைங்க. இது வாசலத் தெறந்து போட்ட மாதிரி."

"மெயின்லேண்ட்லேர்ந்து மூணு நாள் கப்பல் ஏறி எவன்யா என் வீட்டுக்கு வரப்போறான்?" என்று சிரித்தேன். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜெட்டியிலிருந்து ஷோபனாவை ஏழு தரம் கூப்பிட்டேன். ஒன்றும் போகவில்லை. படகு அக்கரை சேர்ந்ததும், காட்டு வழியே வண்டிகளை வரிசையாக அழைத்துப்போகும் போலீஸ் கான்வாய் கிளம்பியது. முன்னால் போலீஸ் வண்டி, இரண்டு பக்கமும் காடு, போனில் சிக்னலே இல்லை. "கொஞ்சம் ஓவர்டேக் பண்ணுப்பா" என்றேன். "கான்வாய்ல முடியாது சாப். பர்மிட் போயிடும்," என்றான் டிரைவர். ஒன்றரை மணி நேரம் முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

காடு முடியும் ஜிர்காடாங் வந்ததும் சிக்னல் கிடைத்து மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுத்தாள்.

"என்னங்க, கேமராவுல பாத்துட்டே இருக்கீங்க, அப்புறம் எதுக்கு போனு?"

"எப்பலேருந்து?" என்றேன்.

"ரெண்டு மணி நேரமா எங்க போனாலும் கூடவே திரும்புது. பக்கத்து வீட்டு புஷ்பா அக்கா மெயின்லேண்ட் போயிட்டாங்க, தனியா பயமா இருக்குன்னேன். நீங்க வர சாயங்காலம் ஆகுமான்னு கேட்டேன். ஆமான்னா ரெண்டு தரம் திருப்புங்கன்னேன், திருப்புனீங்களே."

"ஷோபனா, கம்ப்யூட்டர் வயரப் புடுங்கு. ஜல்தி. கேமரா வயரையும்."

எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

"புடுங்கிட்டேன்," என்றாள். பிறகு, மெதுவாக, "அப்ப நான் யார்கிட்டங்க பேசிட்டிருந்தேன்?"

"தெரியலம்மா. மொதல்ல வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடு. நான் வந்துட்டே இருக்கேன்."

குடிவந்து ஆறு வருஷமாக நாங்கள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை. இரும்பில் இரும்பு உரசுவது போனில் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம், பிறகு அவள் அதை ஓங்கித் தட்டும் சத்தம்.

"என்னங்க," ஷோபனா அழ ஆரம்பித்தாள். "துருப்புடிச்சிருக்கு. நகர மாட்டேங்குது."