ஈயமும் ஈரத்துணியும்

இரத்தினவேல் சாதுவான மனிதர். பனிக்காலம் பிறந்தால் மட்டும் அவருக்கு மனைவி ஜெயமலர் மேல் கோபம் வரும். விட்பி நகரில் கராஜோடு வீடு வாங்கிவிட்டு, காரை வெளியே நிறுத்தி, இருட்டோடு எழும்பிக் கண்ணாடியில் படிந்த ஐஸைச் சுரண்டிவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவருக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? அந்தக் கராஜை நிறைத்துக் கிடந்ததெல்லாம் ஜெயமலரின் ஈயம்.

ஜெயமலர் பகலில் பல் ஆய்வுகூடமொன்றில் உடைந்த பற்களுக்கு மேலுறை செய்கிறவள். மாலையில் கராஜின் கதவைத் திறந்து வைத்து, காற்றாடியைச் சுழலவிட்டு, ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பாள். குண்டுகளை ஓர் இரும்பு வளையத்துக்குள் தள்ளி ஒரே பருமனாக்கி, மெழுகு பூசி, பித்தளைக் கோதில் பொருத்தித் தோட்டாவாக்குவாள். எல்லாம் அவளுடைய மக்னம் ரிவோல்வர் கைத்துப்பாக்கிக்கு. உரிமம், துப்பாக்கிச் சுடுவோர் சங்க அங்கத்துவம், பூட்டிய பெட்டி என்று சட்டம் கேட்பதெல்லாம் அவளிடம் ஒழுங்காக இருந்தன. ஒழுங்காக இல்லாதது ஒன்றே ஒன்றுதான். சுடும்போதெல்லாம் ரிவோல்வரின் குழலுக்குள் ஈயம் ஒட்டிக்கொண்டது.

ஒட்டினால் என்ன ஆகும் என்பதைப் போன வருடம் சங்கமே பார்த்தது. சொந்தமாக வார்த்த குண்டுகளால் மட்டும் சுடுகிற வருடாந்தப் போட்டி அது. முதல் சுற்றுகளில் ஜெயமலரின் குண்டுகள் இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் கொத்தாக விழுந்தன. பாதிக்குப் பிறகு திசைக்கொன்றாகப் பறந்தன. கடைசிச் சுற்றில் ஒன்று பக்கத்து ஆளின் அட்டையில் போய்த் துளை போட்டது. அந்தப் பக்கத்து ஆள் றொபேட்தான் கோப்பையை வென்றவர். சிரித்துவிட்டு, ஈயம் மென்மையாக இருக்கும், இன்னும் கடினமாக்கிப் பார் என்று பாவம் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அன்று பிடித்தது பிடிவாதம். ஜெயமலர் ஈயத்தோடு வேறு உலோகம் கலந்து கடினமாக்கினாள். ஈயம் இன்னும் ஒட்டியது. அச்சிலிருந்து விழும் குண்டைச் சுடச்சுடத் தண்ணீரில் போட்டு இறுக வைத்தாள். முன்னைவிட மோசமாக ஒட்டியது. குசினியில் பானை தேய்க்கிற செப்புத் தும்பைக் களவாகக் கொண்டுபோய்க் குழலைத் தேய்த்தால் மீன் செதில் மாதிரி ஈயம் உரிந்து வந்தது. பூசுகிற மெழுகில்தான் பிழையோ என்று அதில் நல்லெண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய நாளில், பக்கத்து வீட்டுப் பெண் வேலியால் எட்டிப் பார்த்து என்ன பலகாரம் என்று கேட்டாள்.

இரத்தினவேலுக்கு அதுதான் நல்ல சமயமாகப் பட்டது.

"இஞ்சரும், ஒரு பந்தயம்," என்றார். "இந்த வருசப் போட்டியில உம்மட குண்டுகள் கடைசிச் சுற்று வரைக்கும் கறுப்புக்குள்ள போனா, கராஜ் உமக்கு. நான் இனி வாயே திறக்கமாட்டன். போகாட்டி, உந்தச் சாமானெல்லாம் வித்துப்போட்டு காரை உள்ள விடவேணும்."

"சரி," என்றாள் ஜெயமலர், வீறாப்பில். சொன்ன பிறகுதான் யோசித்தாள். உருகிய ஈயம் வெள்ளிபோல் பளபளத்து அச்சுக்குள் இறங்குகிற அந்த ஒரு கணத்துக்காகவே அவள் வேலையிலிருந்து ஓடி வருகிறவள். அதை விற்றுவிட்டு மாலைகளில் என்ன செய்வது?

போட்டி நெருங்கியது. ஈயம் ஒட்டுவது நிற்கவில்லை. ஜெயமலருக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம், அந்த வீட்டில் புட்டு அவிப்பவரான இரத்தினவேல் அவளைக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் வந்தவள் அடுப்பைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பானை வாயில், புட்டு மா நிறைத்த ஓலைப் பின்னல் நீத்துப்பெட்டி இருந்தது. பெட்டிக்கும் பானைக்கும் நடுவே சுற்றுகிற ஈரத்துணியைக் காணவில்லை. விளிம்பைச் சுற்றி ஆவி புஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, துணி சுத்தேல்லையே?"

"அட, மறந்து போனன்," என்றார் அவர். சொன்னவர் துணியைத் தேடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பானையையே பார்த்தார். "நல்ல இறுக்கமாப் பின்னின பெட்டிதான். என்ன பிரயோசனம்? பானை வாய்க்குக் கொஞ்சம் சின்னனெல்லே. ஆவி முழுக்கப் பக்கத்தால போகுது. நடுவுக்க மா பச்சையாக் கிடக்கு, பாரும்."

ஜெயமலர் ஆவியைப் பார்த்தாள். பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. புட்டை மறந்து கராஜுக்கு ஓடினாள்.

ரிவோல்வர் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, தோட்டாக்கள் உட்காரும் உருளையைத் தனியே கழற்றினாள். அதன் முன்பக்கத் துளையொன்றில் தன் குண்டை வைத்தாள். பிடித்து நிற்கவேண்டிய குண்டு, மறுபக்கத்தால் களுக்கென்று மேசையில் விழுந்தது. மற்றத் துளைகளிலும் அதே கதை.

இவ்வளவு காலமும் அவள் குண்டின் கடினத்தோடு மல்லுக்கட்டினாளே தவிர, அளவைக் கவனிக்கவில்லை. குண்டு துளையைவிட ஒரு மயிரிழை சிறிது. சுட்டவுடன் கொதிக்கிற வாயு அந்த இடைவெளியால் சீறி, குண்டின் விலாவை உருக்கிக் குழலில் பூசிவிட்டுப் போகிறது. ஈயம் மென்மையாக இருந்திருந்தாலாவது கொஞ்சம் விரிந்து அந்த இடத்தை ஓரளவு அடைத்திருக்கும். கடினமாக்கி அதையும் கெடுத்துவிட்டாள். ஊரார் பல்லில் மயிரிழை இடைவெளி கண்டால் மேலுறையைக் கழற்றித் திரும்பச் செய்கிறவள், தன் குண்டை அளக்காமல் விட்டாளே! தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சற்றுப் பெரிய வளையமொன்று வாங்கினாள். ஈயத்தைப் பழையபடி மென்மையாக்கினாள். புதுக் குண்டு துளைக்குள் தானாக விழவில்லை. பெருவிரலால் அமத்தினால்தான் போனது.

போட்டியன்று இரத்தினவேல் வழக்கம்போல் தேத்தண்ணிப் போத்தலோடு பின்னாலிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். முதல் சுற்று கறுப்புக்குள். நடுச்சுற்றும் கறுப்புக்குள். கடைசிச் சுற்றுக்கு ஜெயமலர் தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். சுட்டாள். ஒவ்வொன்றும் கறுப்புக்குள்ளேயே போனது. றொபேட் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவள் துவக்கை வெறுமையாக்கிக் குழலை வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்கியது.

சந்தோசத்தில் திரும்பிப் பார்த்தாள். கராஜை இழந்த மனிதர் வாங்கின் மேல் ஏறி நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு வெற்றிக்குப் புட்டு. இரத்தினவேல் ஈரத்துணியைத் திரித்து, பானை வாயைச் சுற்றி இறுக்கி, நுனியைச் செருகினார். கை தன்பாட்டில் செய்தது. அவர் பார்க்கக்கூட இல்லை. ஜெயமலர் அந்தக் கையைப் பார்த்தாள். கலியாணம் செய்த நாளிலிருந்து இந்த மனிதர் துணி சுற்றாமல் புட்டு அவித்ததே இல்லை. அந்த ஒரு ஞாயிறைத் தவிர.

"அண்டைக்கு ஏன் துணி சுத்தேல்லை?"

"மறந்து போனன் எண்டு சொன்னனெல்லே," என்றார் அவர், திரும்பாமல். காது மட்டும் சிவந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அதனால் புட்டைச் சாப்பிட்டாள்.

முதல் பனி கொட்டிய காலை. இரத்தினவேல் சுரண்டுகட்டையோடு வாசலுக்கு வந்தார். காரைக் காணவில்லை. பதறிக்கொண்டு கராஜைத் திறந்தார். கார் உள்ளே நின்றது, உலர்ந்து, பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு. ஈயச் சட்டியும் மேசையும் அச்சுகளும் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி நின்றன. மேசைக்கும் காருக்கும் நடுவே கை நுழைகிற இடம்தான் இருந்தது.

"ஒவ்வொண்டா அளந்து வைச்சனப்பா," என்றாள் பின்னால் வந்த ஜெயமலர், பெருமையோடு. "ரெண்டும் சரியா இருக்கு."

அவர் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தார். அது மேசையில் முட்டி நின்றது. மற்றப் பக்கத்தால் ஏறி, கியரைத் தாண்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். பாதியில் சிக்கிக்கொண்டார்.

"காரை அளந்தீர், மேசையை அளந்தீர்," என்று உள்ளேயிருந்து கத்தினார். "என்ர வயித்தை ஆரப்பா அளக்கிறது?"

ஜெயமலர் சிரிப்பை அடக்கமாட்டாமல் கராஜ் நிலத்திலேயே இருந்துவிட்டாள். அவரும் சிக்கிய இடத்தில் இருந்தபடியே சிரித்தார். அன்றைக்கு அவர் ரயிலைத் தவறவிட்டார்.