‘கட்’ என்றால் வெட்டு

‘செங்குருதிக் கோட்டை’ நாடகத்தில் மொத்தம் ஏழு கொலை. தளபதி வேஷத்தில் சூசைமுத்து நின்றால் அது பதினேழாகும். முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். காரைக்கால் வட்டாரமே நடுங்கிய அந்த மேடை நாடகத்தை முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பு டிவிக்காரர்கள் படம்பிடித்தார்கள். அவர்கள் கொடுத்த அட்டைக் கத்தியை வீசிவிட்டுச் சூசைமுத்து தன் இரும்பு வாளையே எடுத்துக்கொண்டார். கடைசிக் காட்சியில், ராஜாவாக நடித்த மச்சான் ஆரோக்கியஜோசப்பின் இடது காதில் பாதி போயிற்று. ரத்தம் பூவம் ஊரெல்லை வரைக்கும் பீறிட்டதாகக் கேள்வி.

“டைரக்டர் ‘கட்’னாரு, வெட்டுனேன்” என்றார் சூசைமுத்து. ‘கட்’ என்றால் வெட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதற்கு முன்பு மேடையில் யார் அவரிடம் ‘கட்’ சொன்னார்கள்?

“அவரு சொல்லவே இல்ல. என் தங்கச்சியக் கட்டிக்கிட்டு என்னையே கொல்லப் பாத்தான்” என்றார் ஜோசப்.

ஒளிபரப்பாகும் முன்பே படம்பிடித்த நாடா தொலைந்தது. டைரக்டரும் செத்துப்போனார். சூசைமுத்துவுக்குக் ‘காதறுப்பான்’ என்ற பேர் நிலைத்தது. மச்சான் வீட்டுக் கதவு அன்று மூடியது, திறக்கவே இல்லை.

போன வருஷம் தருமபுரத்தில் ஒரு பழைய கேமராமேன் வீட்டுப் பரணில், எலிகள் தின்றது போக மிச்சமிருந்த நாடா அகப்பட்டது. சென்னையில் ஆன்லின் என்ற பெண் பூஞ்சையைத் துடைத்து அதற்கு உயிர் கொடுத்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் காரைக்கால் தலத்தெரு மண்டபத்தில் திரையிடல்; ஆன்லினும் வந்திருந்தாள், ஜோசப்பும் வந்திருந்தார்.

“இன்னைக்கு அந்த டைரக்டர் குரல ஊரே கேக்கும் பாரு” என்று மனைவி செல்வம்மாளின் கையை நசுக்கினார் சூசைமுத்து.

திரையில் தலைகள் சிதறுதேங்காயாகத் தெறித்தன. கடைசிச் சண்டை வந்தது. ஜோசப் திடீரென்று கேடயத்தை இறக்கினார். வாள் பாய்ந்தது. காது பறந்தது. ‘கட்’ மட்டும் கேட்கவில்லை.

“அந்தக் குரல் எங்கம்மா?” சூசைமுத்து அலறினார்.

“பின்னாடி யாரோ கத்துனதெல்லாம் சுத்தமா எடுத்துட்டோம் ஐயா” என்றாள் ஆன்லின், பெருமையாக.

“கேட்டீங்களா! அவரு சொல்லவே இல்ல! கொலைகாரப் பய!” ஜோசப் துள்ளினார்.

அடுத்த நொடி எழுபது வயசும் எழுபத்திரண்டு வயசும் கட்டிப் புரண்டன. நாற்காலிகள் பறந்து மின்விசிறியில் அடிபட்டுத் திரும்பி வந்தன. சூசைமுத்து மச்சானின் குரல்வளையைப் பிடித்தார். ஜோசப் அவர் தோளைக் கடித்தார். பிறகு மூக்கில் ஒரு குத்து விட்டார், மண்டபத் தூண் அதிர.

“மடையா! ‘கட்’னா நிறுத்துறதுடா! அதக் கேட்டுத்தானடா நான் கேடயத்த எறக்குனேன்!”



“அப்ப அவரு சொன்னாருல்ல அண்ணே?” என்றாள் செல்வம்மாள்.

தரையில் மல்லாந்து கிடந்த சூசைமுத்துவின் மூக்கிலிருந்து வாய்க்கு ரத்தம் வழிந்தது. அதை விழுங்கிக்கொண்டே இளித்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க மச்சான்.”

ஜோசப் இன்னொரு குத்து விட்டார். சூசைமுத்து அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.